கோப்புக் காட்சியில் என் அம்மா

தாமிரபரணியில் யாராவது மூழ்கிச் செத்தால் டிவியில் என் அம்மாவைக் காட்டுவார்கள். செத்தவர் அம்பாசமுத்திரத்துக்காரராக இருக்கலாம். குற்றாலத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் குளிக்க இறங்கிய வெளியூர்க் கல்லூரிப் பையனாக இருக்கலாம். செய்தி வாசிப்பவர் அந்த ஊரையும் பெயரையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, திரையில் என் அம்மா சீவலப்பேரி ஆற்றங்கரையில் தலைவிரிகோலமாக மண்ணில் கிடப்பாள். மூலையில் பொடி எழுத்தில் ‘கோப்புக் காட்சி’ என்று போட்டிருக்கும். அந்தப் பொடி எழுத்தை வாசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? பார்ப்பவர்களுக்கு அவள் அன்றைக்குச் செத்தவனின் அம்மா.

என் தம்பி போனது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது. அவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நீச்சல் தெரிந்தவன்தான். ஆற்றுக்கு அடியில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது என்பது நீச்சல் தெரிந்தவனுக்கும் தெரியாது. தண்ணீரை மூடிப் படர்ந்திருந்த அமலைச் செடிக்குள் சிக்கிக் கிடந்தவனைத் தீயணைப்புக்காரர்கள் கரைக்குக் கொண்டுவந்தபோது அம்மாவும் நானும் அங்கே நின்றோம். அப்பா முன்பே இறந்துபோயிருந்தார். வீட்டில் மிச்சம் நாங்கள் இருவர்தான். அந்த நாளைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. ஏன் எழுத மாட்டேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா வயல்வேலைக்காரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள். கூலி பேசும்போது அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி, நாத்து காத்திருக்காது” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வயல்காரரை வரப்பிலேயே மடக்கிவிடுவாள். மகன் போன பிறகும் அந்த வாய் போகவில்லை. போனது வேறொன்று.

ஒருநாள் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் போனை நீட்டி, “ஆச்சி, இது நீங்கதான?” என்று கேட்டிருக்கிறாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பாவப்பட்டுத்தான் கேட்டிருக்கிறாள். அம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆற்றில் எங்காவது சாவு விழுந்தது என்று காதில் விழுந்தால், அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போக மாட்டாள். கடைக்கும் போக மாட்டாள். தண்ணீர் பிடிக்கக்கூட நான்தான் போக வேண்டும். காரணத்தை ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

“நான் அழுததுக்கு எனக்கு வெக்கமில்லட்டி. பெத்தவ அழத்தான் செய்வா. மாராப்பு வெலகிக் கெடக்கேன், அத ஊரு பூரா பாக்குது. அத மட்டும் எடுக்கச் சொல்லு.”

அதைத்தான் நான் செய்யப் பார்த்தேன். அந்தச் சேனலுக்கு எழுதினேன், பதில் இல்லை. போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட்டார், அவர் சென்னைக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் செய்தி டெஸ்க்கில் இருந்த ஒரு ஆள் மட்டும் மனம்விட்டுப் பேசினார். அது ரொம்பவும் உணர்ச்சிகரமான ஷாட் என்றும், எத்தனையோ ஷாட் வந்தும் அதை மாற்ற மனசே வரவில்லை என்றும் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் வீட்டுப் பெண்ணின் சேலை விலகிக் கிடந்தால் அதையும் மாற்ற மனசு வராதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

இதற்கிடையில் நான் சமூகப்பணி படித்து முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விபத்தில் தப்பியவர்கள், வீட்டில் தூக்குப் போட்டுக்கொண்டவரை முதலில் பார்த்தவர்கள், கடலுக்குப் போன புருஷன் திரும்பாத உவரிப் பெண்கள் என்று பலர் வருவார்கள். பேசுவதைவிட பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலையில் அதிகம். வருகிறவர்களில் பாதிப் பேர் சாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மைக்கைப் பற்றிச் சொல்வார்கள். “முகத்துக்கு நேர நீட்டுனான்மா” என்பார்கள். அதனால், பத்திரிகையாளர்களுக்கு மனக்காயத்தைப் பற்றிப் பயிற்சி நடக்கிறது, நீங்கள் வந்து ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று சென்னையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோது யோசிக்காமல் சரி என்றேன்.

பயிற்சி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் ஏ.சி. அரங்கில். திசையன்விளை முதல் பாபநாசம் வரைக்கும் உள்ள தாலுகா நிருபர்கள், போட்டோகிராபர்கள், டிவி கேமராக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சென்னை ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எல்லாரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். மூச்சை விட்ட கையோடு இரண்டாவது வரிசையில் ஒருவர் குறட்டையும் விட்டார். பாதியில் நாங்குநேரிப் பக்கம் லாரி கவிழ்ந்துவிட்டது என்று யாருக்கோ போன் வர, பின்வரிசையில் ஒரு கூட்டமே காலியானது. மதியம் பிரியாணியா, சாப்பாடா என்ற விசாரணை மட்டும் காலையிலிருந்து ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நான் கோபப்படவில்லை. தினமும் பிணவறை வாசலில் நிற்கிறவர்கள் குளிர்ந்த அறையைக் கண்டால் தூங்கத்தான் செய்வார்கள்.

என் வகுப்பு டீ இடைவேளைக்குப் பிறகு. எங்கே நிற்பது, எதைக் கேட்கக் கூடாது, ‘வேண்டாம்’ என்று ஒருத்தி சொன்னால் அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பதுதான், வீட்டுக்குப் போன பிறகு தனக்கே தூக்கம் வராவிட்டால் யாரிடம் போவது என்று எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். டீ கப்போடு ஒருங்கிணைப்பாளர் வேகமாக வந்தார். உள்ளூர் நிருபர் ஒருவர் நான் யார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

“மேடம், நீங்க இதை முன்னாடியே சொல்லிருக்கலாமே. வகுப்பெல்லாம் வேணாம். உங்க கதையை நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு என்ன ஆச்சு, அம்மா எப்படி இருந்தாங்க, அப்படியே மனசுல இருந்து. இவங்களுக்கு அதுதான் இறங்கும்.”

நான் வகுப்பு எடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் விடவில்லை. சொன்னால் என் பாரமும் இறங்கும் என்றார். அவர்கள் இணையதளத்துக்காக அதைப் பதிவும் செய்துகொள்ளலாம் என்றார். திரும்பிப் பார்த்தேன். மேடைக்கு எதிரே ஒரு பையன் முக்காலியில் கேமராவை ஏற்றி, மேடையில் கிடந்த ஒற்றை நாற்காலிக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தான். அந்த நாற்காலியில் இருக்கப் போவது நான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிறவளைப் படம் எடுக்காதே என்று சொல்லிக் கொடுக்கிற பயிற்சியில், சொல்லிக் கொடுக்க வந்தவளை அழ வைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள். அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை. கெட்ட எண்ணத்தோடு எங்களிடம் வந்தவர்கள் இதுவரை யாருமே இல்லை. எல்லாரும் நல்லது நினைத்துத்தான் மைக்கை நீட்டுகிறார்கள். காலையில் டவுன் பஸ்ஸில் வரும்வரை நான் படித்தவள், பத்து வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறவள். தம்பியின் பெயர் வெளியே வந்த உடனே நான் செய்திக்கு நடுவே செருகுகிற பத்து விநாடிப் பேச்சு, அவர்கள் பாஷையில் ஒரு பைட், ஆகிவிட்டேன். படித்த படிப்புக்கு அவ்வளவுதான் மரியாதை.

“என் பாரத்தை எங்க இறக்கணும்னு எனக்குத் தெரியும் சார். முதல்ல அந்தக் கேமராவை இறக்கச் சொல்லுங்க” என்றேன்.

அவர் தயங்கினார். நான் நகரவில்லை. கேமராவை இறக்கினார்கள். மேடைக்குப் போய் அந்த நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு நின்றேன். தயார் செய்து வைத்திருந்த மேடைத் தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை, ஊர்ப் பேச்சுத்தான் வந்தது.

“எந் தம்பி கதைய நான் சொல்லப் போறதில்ல. அத நீங்களே நிறையத் தடவ போட்டிருக்கீய. அந்தக் காட்சியில எங்கம்மா வாயசையும், சத்தம் வராது. சத்தத்த எடுத்துட்டுப் புல்லாங்குழலப் போட்டிருக்கீய. அவ என்ன சொல்லுதான்னு இங்கன யாருக்காவது தெரியுமா?”

ஒப்பாரிதான் வைத்திருப்பார் என்று முன்வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். இல்லை என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்றார் இன்னொருவர். அதுவும் இல்லை என்றேன். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். நரைத்த மீசை. காலையிலிருந்து என் கண்ணில் படாமல் இருக்கத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். வந்த உடனேயே அவரைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு ஆற்றங்கரையில் மற்ற கேமராக்காரர்கள் எல்லாம் கிளம்பின பிறகும் நின்றவர் அவர். அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்?

“நான்தான் எடுத்தேன்” என்றார்.

சொல்ல விருப்பமில்லை என்றால் அவர் சொல்ல வேண்டாம், உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொன்னேன். எங்களிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இருந்தாலும் நான் கேட்டேன். அவர் உட்காரவில்லை.

“‘படம் புடிக்காதீங்கய்யா, பிள்ளை மேல துணியில்ல, யாராவது ஒரு துண்டு குடுங்கய்யா.’ இதத்தான் சொன்னாவ. திருப்பித் திருப்பி இதையேதான் சொன்னாவ.” தன் தோளைத் தொட்டுக் காட்டினார். “துண்டு என் தோள்லதான் கெடந்துச்சு. கேமராவுக்கு அடியில. அத உருவுனா ஷாட் ஆடிரும்னு நான் குடுக்கல.”

தோளில் வைத்து எடுக்கிற பெரிய கேமரா எலும்பில் உறுத்தாமல் இருக்கத் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படி ஒரு துண்டைத் தோளில் போட்டே பிழைத்தவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மீதியை நான் சொன்னேன். யாரும் துண்டு தராததால்தான் அம்மா தன் முந்தானையை உருவிப் பிள்ளை மேல் போட்டாள். அவள் சேலை விலகிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். நீங்கள் காட்டுவது மகனைப் பறிகொடுத்தவளின் கதறலை அல்ல, மகனுடைய மானத்தை மறைக்கக் கேமராவோடு சண்டை போட்டவளை. சண்டையின் சத்தத்தை அறுத்துவிட்டு மிச்சத்தைச் சோகம் என்று விற்றிருக்கிறீர்கள்.

அந்த மனிதர் அப்புறமும் பேசினார். அன்றையிலிருந்து அவர் ஆற்றில் குளித்ததே இல்லையாம். பிறந்து வளர்ந்தது குறுக்குத்துறைப் பக்கம். விடிந்தால் ஆற்றில் முங்கி எழுந்து பழகியவர், இப்போது வீட்டுக் குழாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்கிறார். ஏன் என்று வீட்டில் கேட்டால், சளி பிடிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. என் மையத்துக்கு வந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்டிருப்பேன். ஆனால் பாவப்பட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக நான் வரவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அது இந்த அறைக்குள் இருப்பவர்களின் கையில் இருந்தது.

“இப்பவே உங்க டெஸ்க்குக்குப் போன் போடுங்க அண்ணாச்சி. அந்தக் காட்சி போற வரைக்கும் இங்கன வகுப்பு கெடையாது” என்றேன்.

இதையெல்லாம் நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்று ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் வந்து காதோரம் சொன்னார். தனியாக எத்தனையோ தடவை பேசியாயிற்று என்று எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன். பிரியாணியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து, “போடும்வே போன” என்றார். கேமராக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் இருந்தவருக்கு முதலில் விஷயமே புரியவில்லை. புரிந்த பிறகு கேட்ட கேள்வி எல்லார் காதிலும் விழுந்தது. அந்த ஷாட்டை எடுத்துவிட்டால் ஆற்றுச் சாவுக்கு வேறு எதைப் போடுவது?

“ஆத்தப் போடும்வே. இத்தாப் பெரிய ஆறு ஓடுதுல்லா” என்றார் இவர். “நான் எடுத்த ஷாட்டு, நான் சொல்லுதேன், அழிச்சிரும். இனி ஒரு தடவ அது ஓடுச்சுன்னா நாளைக்கே கேமராவக் கொண்டாந்து ஆபீஸ்ல வச்சிருவேன்.”

ஒரே போனில் அது போய்விடவில்லை. சென்னையில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், அவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். ஆனால் இந்தத் தடவை கேட்டது நான் மட்டும் இல்லை. அந்த அரங்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் போன் போட்டுத் தொந்தரவு செய்தார்கள். இதில் போட்டிச் சேனல்காரர்களும் உண்டு. மழை தொடங்குவதற்கு முன்னால் அந்தக் காட்சி சேனலின் சேமிப்பிலிருந்தும் யூடியூப் பக்கத்திலிருந்தும் போய்விட்டது. அதைத் திருடிப் போட்ட சில்லறை யூடியூப்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் துரத்திக்கொண்டிருக்கிறேன், விட மாட்டேன். காட்சி போன பிறகு வகுப்பும் எடுத்தேன், இப்போதும் எடுக்கிறேன். எனக்கு இரண்டே நிபந்தனைதான். அறைக்குள் கேமரா கூடாது. யாரும் யாரையும் கதை சொல்லச் சொல்லக் கூடாது. நிருபர்கள் எனக்குத் ‘துண்டு டீச்சர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும், இதைவிட மோசமான பெயரோடு வாழ்கிறவர்கள் அவர்களிடையே நிறைய உண்டு.

காட்சி போய்விட்டது என்று உறுதியான அன்று சாயங்காலம் சீவலப்பேரிக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கட்டிப் பிடித்து அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஒரு சிரிப்பாவது வரும் என்று நினைத்தேன். அவள் மீனைக் கழுவி முடித்தாள்.

“அப்பம் இனி ஆத்துல எவனும் போனா யாரக் காட்டுவானுவ?” என்று கேட்டாள்.

வேறு யாரையாவது காட்டுவார்களாக இருக்கும் என்று இழுத்தேன். “அப்பம் பாதி வேலதான் முடிச்சிருக்க” என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு இரவு எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு ஓடியாடி முடித்துவிட்டு வந்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோய்விடும் என்று நினைத்தேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபமும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு படித்துறையில் கூலித் தொழிலாளி வீட்டுப் பையன் ஒருவன் போய்விட்டான். வகுப்புக்கு வந்த நிருபர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். ஆட்டோ பிடித்துப் போனேன். அந்த மாதிரி நாட்களில் வாசலைத் தாண்டாத அம்மா, எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தாள். தன்னோடு வயல்வேலைக்கு வருகிற பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். பையனைக் கரையேற்றி ஒரு பெட்ஷீட்டால் மூடியிருந்தார்கள். அவனுடைய அம்மா அதன் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். அவளைச் சுற்றி இந்தப் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கமாக வைத்து நின்றார்கள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. ஆளை யாராலும் பார்க்க முடியவில்லை.

மைக்கோடு ஒரு புதுப் பையன் சந்து தேடிச் சுற்றிச் சுற்றி வந்தான். என் வகுப்புக்கு வந்தவன் இல்லை. எங்கும் இடமில்லாமல் கடைசியில் என் அம்மா முன்னால் வந்து நின்று, ஆச்சி யார், செத்தவனுக்கு என்ன உறவு என்று கேட்டான். அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“என்னயத் தெரியலயாலே? இத்தன வருசமா நான்தானலே இந்த ஆத்துல செத்த எல்லாப் பிள்ளைக்கும் அம்மா.”

பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற கேமராக்காரருக்கு விளங்கிவிட்டது, அவர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினார்.